வாசகர் கேள்வி பதில்: பழைய ஆட்டோமேட்டிக் காரும் அதன் கியர் ஆயிலும்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் கார் 2004-ஆம் ஆண்டு தயாரிப்பு. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் கியர் ஆயிலை மாற்றியதற்கான குறிப்பு எதுவும் இல்லை. இத்தனை நாள் மாற்றாததை இப்போது மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்கிறார் மெக்கானிக். கையேட்டிலோ ஆயிலுக்கு வண்டியின் ஆயுள் என்று போட்டிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கள் மெக்கானிக் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே நின்றுபோன வண்டிகளை அவர் பார்த்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, கியர் சரியாகப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக ஆயில் மாற்றப்பட்டவை. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு ஏற்கெனவே தேய்ந்து, அதன் துகள்கள் பழைய ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும். தேய்ந்த பூச்சை எந்த ஆயிலாலும் திருப்பித் தர முடியாது. நோய் முற்றிய பிறகு கொடுத்த மருந்தின் மேல் பழி விழுவதைப் போல, ஆயிலின் மேல் பழி விழுந்துவிடுகிறது.

ஆகவே முதலில் தங்கள் வண்டியின் நிலையைப் பாருங்கள். டி-யில் போட்டதும் தயங்காமல் பிடிக்கிறதா, ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ நன்றாகப் பரவினால் ஆயில் பழையதாகியிருக்கிறது, அவ்வளவுதான். சொட்டு பரவாமல், நடுவில் கரிய பொடி தங்கி, தீய்ந்த வாடையும் அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது என்று பொருள். அப்போது ஆயிலுக்குச் செலவிடுவதை விட கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதே முறை. வழுக்கலும் தீய்ந்த வாடையும் இல்லையென்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

கையேட்டின் வாக்கியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவரே மாற்றச் சொல்லும்போது, ஆயிலுக்கு வண்டியின் ஆயுள் உண்டு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நெரிசலிலும் வெயிலிலும் அதிகம் ஓடும் பழைய வண்டி என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் பொருந்தும் என்று அச்சிட்ட டப்பாவைக் கடைக்காரர் தருகிறார். நிறமும் அதே சிவப்புதான். வாங்கலாமா?

பதில்: சிவப்பு என்பது வெறும் சாயம், கசிவு ஏற்பட்டால் எந்த ஆயில் என்று அடையாளம் தெரிவதற்காகச் சேர்க்கப்படுவது. அதைக் கொண்டு தரத்தையோ வகையையோ முடிவு செய்ய இயலாது.

இந்த ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் வழியாக இன்ஜினின் விசையைக் கடத்துவதும், வால்வுகளுக்குள் அழுத்தமாக நின்று கியரை மாற்றுவதும், வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும் அதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளட்ச் பிளேட்டுகள் எவ்வளவு வழுக்கி எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்பதை அதில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மானங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஃபோர்டின் பழைய டைப் எஃப் ஆயிலில் அந்தச் சேர்மானம் கிடையாது, ஜெனரல் மோட்டார்ஸின் ஆயில் வகையான டெக்ஸ்ரானில் உண்டு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் கியர் உதைத்து விழும், அல்லது வழுக்கும்.

எனவே டப்பாவின் முகப்பில் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, தங்கள் கையேட்டிலோ டிப்ஸ்டிக்கிலோ பொறித்திருக்கும் பெயரைத் தேடுங்கள். டொயோட்டாவில் டி-4 கேட்கும் கியர்பாக்ஸும் டபிள்யூ.எஸ். கேட்கும் கியர்பாக்ஸும் வேறு வேறு. பின்னது பிசுபிசுப்பு குறைந்த, மெல்லிய ஆயில், இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. டெக்ஸ்ரான் 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் வழங்குவதை 2006-உடன் நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் ஆயிலுக்கு அந்த நிறுவனத்தின் சோதனை முத்திரை இல்லை. அதற்கு மாற்றாக நிறுவனமே கூறுவது டெக்ஸ்ரான் 6. ஹோண்டாவின் இசட்-1 ஆயிலுக்கு மாற்றாக வந்திருப்பது டி.டபிள்யூ-1. படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. வகை கியர்பாக்ஸில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளே பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று பற்றி ஓடுவதற்கென்றே தனி ஆயில் இருக்கிறது.

கேள்வி: கையேட்டில் மொத்தம் 8 லிட்டர் என்று இருக்கிறது. ஆயிலை இறக்கும் ட்ரெயின் பிளக்கைக் கழற்றினால் 3 லிட்டர் சொச்சம்தான் இறங்கியது. மீதி எங்கே போயிற்று? மெஷின் வைத்து முழுவதையும் எடுத்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: மீதி டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் இருக்கிறது, அது தானாக இறங்காது. 8 லிட்டரில் 3.2 லிட்டர் இறங்கியது என்று வைத்துக்கொண்டால், முதல் முறை 40 சதவீதம் புதிய ஆயில். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறக்கி ஊற்றினால் 64, மூன்றாம் முறை 78 சதவீதம். பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட வண்டிக்கு நான் இந்த நிதானமான வழியைத்தான் சொல்வேன். மெஷின் வைத்து ஒரேயடியாகக் கழுவும்போது, ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த கசடு கிளம்பி கியர் மாற்றும் வால்வுகள் இருக்கும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் அடைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

முதல் முறையிலேயே கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் பேனையும் கழற்றி, மாற்றக்கூடிய ஃபில்டர் இருந்தால் மாற்றிவிடுங்கள். பேனின் உள்ளே சிறிய காந்தம் ஒட்டியிருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் மை போல வழவழக்கும் பசை இருப்பது இயல்புதான்; துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். விரலை நெருடும் உலோகச் சில்லுகள் கிடைத்தால் ஏதோ ஒரு பாகம் உடைந்துகொண்டிருக்கிறது. பேனின் போல்ட்டுகள் சிறியவை. பலத்தைக் காட்டி முறுக்கினால் பேன் வளைந்து கசியும். இன்னொன்று: ஆயில் ஊற்றும் பிளக் கழலுகிறதா என்று பார்க்காமல் இறக்கும் பிளக்கில் கை வைக்காதீர்கள். மேல் பிளக் துருப்பிடித்து இறுகிப்போய், ஆயில் முழுவதும் இறங்கிய நிலையில் அசைக்க முடியாமல் நின்ற வண்டியைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: அளவை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: எவ்வளவு இறங்கியதோ அதை அளந்து, அதே அளவை ஊற்றித் தொடங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில், ஆயில் சூடான பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் மாறாக, சூடான இன்ஜினை நிறுத்தி 60 முதல் 90 நொடிக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில், ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அளவு பிளக்கைத் திறந்து, ஒழுக்கு மெல்லிய சொட்டாகக் குறையும் வரை காத்திருக்க வேண்டும்; அந்த வெப்பநிலை கையேட்டில் இருக்கும். ஆயில் கூடினாலும் கேடுதான், சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைத்துவிடும்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அடுத்த சர்வீஸ் வரை விடலாமா?

பதில்: விடக் கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்க் கலவையான கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையை நீர் கரைத்துவிடும். இக்கணமே ஓட்டுவதை நிறுத்தி, வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்லுங்கள்.