சேரும் முன், வெளியேறும் வழியைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். தெரிந்த குடும்பம் ஒன்று, தங்கள் நிதி மார்க்கெட்டிங் நிறுவனத்தில் பகுதி நேர ‘அட்வைசராக’ என்னைச் சேரச் சொல்கிறது. கமிஷன் 100 சதவீதமாம். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: கமிஷனை விடுங்கள், முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். ஹெச்-1பி வேலை விசா என்றால், உங்களுக்காக மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். பாலிசி விற்று வாங்கும் கமிஷனும் வேலைக்கான வருமானம்தான். “மனைவிக்கு ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இருக்கிறதே, அவர் பெயரில் லைசென்ஸ் எடுத்து நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள்” என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் விற்றது ஒரு குற்றம், விசா விதியை மீறியது இன்னொன்று.

அடுத்தது ‘அட்வைசர்’ என்ற பட்டம். இத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலானவை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஏஜென்டுக்கும் நடுவே நிற்பவை. உங்கள் விற்பனையில் அவர்களுக்கு ‘ஓவர்ரைடு’ என்று ஒரு பங்கு போகும். ஆயுள் காப்பீட்டு லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு மியூச்சுவல் ஃபண்டோ வேரியபிள் ஆன்யுட்டியோ (சந்தையோடு ஏறி இறங்கும் ஓய்வூதியத் திட்டம்) விற்க முடியாது. அதற்கு சீரிஸ் 6 அல்லது 7 என்ற தேர்வில் தேறியிருக்க வேண்டும். கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல, பெரும்பாலும் சீரிஸ் 65 எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

உங்களைச் சேர்ப்பவரின் பெயரை மாநில இன்ஷூரன்ஸ் துறையின் லைசென்ஸ் தேடலிலும், பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ராவின் புரோக்கர்செக் தளத்திலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம். காப்பீடு மட்டும் விற்பவர் புரோக்கர்செக்கில் இருக்கமாட்டார், அதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் “401(கே) ஓய்வுகாலச் சேமிப்பை எடுத்து இங்கே போடுங்கள், பங்குகளை விற்றுவிடுங்கள்” என்று பேசினால் கவனம் தேவை. நிறுவனத்தின் மீதான வழக்குகளை ஃபெடரல் நீதிமன்ற ஆவணத் தளமான பேஸரில் தேடலாம். பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை.

இனி அந்த 100 சதவீதம். எதில் 100? எந்தக் கம்பெனியின் எந்தப் பாலிசிக்கு? முதலாண்டு பிரீமியத்திலா, ‘டார்கெட்’ பிரீமியத்திலா (முழுக் கமிஷன் தரக் கம்பெனி வைக்கும் பிரீமிய வரம்பு)? பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டி சேமிப்பு வளரும் இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் பாலிசியில் டார்கெட்டுக்கு மேல் வாடிக்கையாளர் கட்டும் தொகைக்குச் சொற்பக் கமிஷன்தான். கம்பெனி வாரியான கமிஷன் அட்டவணையைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். “சேர்ந்த பிறகு காட்டுகிறோம்” என்பவரிடம் சேராதீர்கள்.

கேள்வி: பாலிசி போட்டதும் கமிஷன் முன்பணமாக வருகிறது என்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: அது கடன். மாதம் 100 டாலர் பிரீமியம், உங்கள் கமிஷன் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கமிஷன் 600 டாலர், அதாவது மாதத்துக்கு 50. ஒன்பது மாத முன்பணம் என்றால் 450 டாலர் உடனே கைக்கு வரும். வாடிக்கையாளர் நான்கு மாதம் கட்டி நிறுத்திவிட்டால் நீங்கள் சம்பாதித்தது 200 மட்டுமே. மீதி 250 டாலரைத் திருப்பித் தர வேண்டும். இதுதான் ‘சார்ஜ்பேக்’. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தாட்சண்யத்தில் போட்ட பாலிசிகள்தான் இப்படி அதிகம் பாதியில் நின்றுபோகும். கடனைக் கட்டாமல் விட்டால் ஏஜென்டுகளின் கடன் பாக்கியைக் காட்டும் ‘வெக்டர் ஒன்’ என்ற பதிவில் பெயர் ஏறலாம். புதிய ஏஜென்டை எடுக்கும் முன் பல கம்பெனிகள் பார்ப்பது அதைத்தான்.

ஆள் சேர்க்கும் ஆசை இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில், டவுன்லைனில் (நீங்கள் சேர்த்தவர்களில்) ஒருவர் கடனோடு ஓடிவிட்டால் அது அப்லைன் (அவரைச் சேர்த்த மேலாள்) தலையில் விழும். இதைக் குறிக்கும் ‘ரோல்-அப்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் வருகிறது என்று தேடுங்கள். முன்பணம் வேண்டாம், மாதாமாதம் சம்பாதித்ததைத் தந்தால் போதும் என்று கேட்கவும் வழியுண்டு. புதியவர்களுக்கு அதுவே நிம்மதி.

கேள்வி: பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் இல்லையா?

பதில்: ‘ரிலீஸ்’ கொடுத்தால். நீங்கள் விலகச் சம்மதம் என்று பழைய நிறுவனம் எழுதித் தராவிட்டால், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு புதிய அப்லைன் மூலம் தொடர, பொதுவாக ஆறு மாதமாவது ஒரு பாலிசியும் எழுதாமல் காத்திருக்க வேண்டும். ஆகவே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ரிலீஸ் எந்த நிபந்தனையில் கிடைக்கும், விலகிய பின் ரினியூவல் கமிஷன் (பழைய பாலிசிகள் தொடரும் ஆண்டுகளுக்கு வருவது) யாருக்கு, வாடிக்கையாளர் பட்டியல் யாருடையது. ரினியூவல் முதல் நாளிலிருந்தே உங்களுக்குச் சொந்தம் என்றால் அதை ‘வெஸ்டிங்’ பகுதியில் எழுதியிருப்பார்கள். வாய்ச்சொல்லில் ‘ஃபுல் வெஸ்டிங்’, ஒப்பந்தத்தில் “போட்டி நிறுவனத்தில் சேர்ந்தால் ரத்து” என்ற வரி. இந்த முரணைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: நிறுவனம் காட்டும் வருமானப் புள்ளிவிவரத்தை நம்பலாமா?

பதில்: சராசரியைப் பார்க்காதீர்கள், இடைநிலை (மீடியன்) வருமானத்தைக் கேளுங்கள்; அதாவது, எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவர் வாங்குவது. உச்சியில் இருக்கும் நான்கு பேர் சராசரியைத் தூக்கிவிடுவார்கள். எண்ணிக்கையில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதவர்களையும் சேர்த்திருக்கிறார்களா, லைசென்ஸ், பிழைக்காப்பீடு (தொழிலில் நேரும் தவறுகளுக்கான காப்பீடு), பயணச் செலவெல்லாம் கழித்த பிறகா என்றும் கேளுங்கள். கையில் வருவது 1099 வருமானம், அதாவது சம்பளம்போல வரி பிடிக்காமல் தருவது. சுயதொழில் வரி 15.3 சதவீதம் அதற்குப் பிறகுதான் வரும்.