கையால் செய்த தோல் கழுத்துப்பட்டை: விலையும் தரமும் உரிமையும்

கேள்வி: 'கையால் செய்த அசல் தோல்' என்ற விளம்பரத்தை நம்பி, எங்கள் லாப்ரடாருக்கு இணையத்தில் 1,400 ரூபாய்க்குக் கழுத்துப்பட்டை வாங்கினேன். மூன்றே மாதத்தில் மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறது. "தோல் என்றால் அப்படித்தான், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்வது சரியா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டுமே சரியல்ல. நல்ல தோல் வெயில் பட்டுக் கருக்கும், மடியும் இடத்தில் சுருக்கம் விழும், கவனிக்காமல் விட்டால் வெடிக்கவும் செய்யும். மேற்பரப்பு மட்டும் சவ்வுபோல் தனியே பிரிந்து உதிர்கிறது என்றால், பெரும்பாலும் உதிர்வது மேலே பூசப்பட்ட பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் பூச்சுதான்.

அந்தப் பூச்சுக்கு அடியில் இருப்பது என்ன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தடித்த மாட்டுத் தோலை இயந்திரத்தில் கிடைமட்டமாகப் பிளந்து, மயிர்க்கண்கள் உள்ள மேலடுக்கை எடுத்த பிறகு மிஞ்சும் அடியடுக்காக இருக்கலாம். தோல் வணிகத்தில் இதை 'ஸ்பிளிட்' என்பார்கள். தோல் கழிவைத் தூளாக்கிப் பசை சேர்த்து அழுத்திய 'பாண்டட் லெதர்' ஆகவும் இருக்கலாம். முன்னது தோல்தான் என்பதால், 'அசல் தோல்' என்ற சொல்லுக்குள் விற்பனையாளர் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. பின்னதற்கு அந்த இடமும் இல்லை. இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு லாப்ரடாரின் கழுத்துக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்கிள் முள் நுழையும் துளையின் உட்புறத்தையும், பட்டையின் வெட்டு விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான தோலில் இழைகள் பின்னிக் கிடப்பது தெரியும். ரெக்சினில் துணி தெரியும். பாண்டட் லெதரை நகத்தால் கீறினால் அட்டைபோல் பொடியும். ஒரு துணுக்கை எரித்து, முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை முழுமையாக நம்ப வேண்டாம். பாண்டட் லெதரிலும் தோல் தூள் இருப்பதால் அதிலும் அந்த வாடை வரலாம்.

இனி உங்கள் உரிமை. குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, ரசீது, உரிந்த இடத்தின் படங்கள் ஆகியவற்றை இணைத்து, நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. விளம்பரப் படத்தை மட்டும் இன்றே சேமித்துவிடுங்கள், ஏனெனில் புகார் போன மறுநாளே விளம்பர வாசகம் மாறிவிடக்கூடும்.

கேள்வி: கடைத்தெருவில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் தோல் பட்டைக்கும், கைவினைஞர் 2,500 ரூபாய் கேட்கும் பட்டைக்கும் அப்படி என்ன வேறுபாடு? தோலின் விலையா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தோலின் விலை அதில் சிறு பங்குதான். 2.5 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் உள்ள பட்டைக்குத் தேவைப்படுவது 150 சதுர செ.மீ., அதாவது ஒரு சதுர அடியில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இரண்டு அடுக்காகத் தைத்தாலும், வெட்டில் வீணாவதைச் சேர்த்தாலும், அரைச் சதுர அடியைத் தாண்டுவது அரிது. எனவே, நல்ல தோலுக்கும் மட்டமான தோலுக்கும் இடையிலான விலை வேறுபாடு ஒரு பட்டைக்கு அவ்வளவு பெரிதாக வருவதில்லை. அதிலும் மிச்சம் பிடிப்பவர் மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்திருப்பார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பணம் போவது கைவேலைக்கு. கையால் தைப்பவர் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்துகிறார். 50 செ.மீ. நீளத்துக்கு இரு விளிம்புகளிலும் 4 மி.மீ. இடைவெளியில் தைத்தால் 250 தையல்கள். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டு நிற்பதால், ஒன்று அறுந்தால் தொடர்ந்து பிரிய வாய்ப்புண்டு. இரட்டை ஊசித் தையலில் ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். நாய் பட்டையைச் சுவரிலும் தரையிலும் தேய்க்கும் என்பதால் இந்த வேறுபாட்டுக்குப் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு.

வெளியில் தெரியாத இன்னொரு வேறுபாடு, தோலின் எந்தப் பகுதியிலிருந்து பட்டை வெட்டப்பட்டது என்பது. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி தளர்வானது, இழுக்க இழுக்க நீளும். பட்டையை முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும். வயிற்றுத் தோலில் வெட்டிய பட்டையில் சில மாதங்களிலேயே துளைகள் நீள்வட்டமாகிவிடும். கடையில் பட்டையின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையிலேயே நீட்சி தெரிந்தால் வைத்துவிடுங்கள். கூடவே தடிமனையும் கேளுங்கள்: பெரிய நாய்க்கு ஒற்றை அடுக்குப் பட்டை என்றால் 3 முதல் 4 மி.மீ. வேண்டும். சில கைவினைஞர்கள் இதை அவுன்சில் சொல்வார்கள்; ஓர் அவுன்சு ஏறத்தாழ 0.4 மி.மீ.

இவ்வளவும் சொன்ன பிறகும், 2,500 ரூபாய் நியாயமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தோல், எவ்வளவு தடிமன், என்ன நூல், என்ன உலோகம் என்பதை எழுதிக் கொடுக்கத் தயங்காதவரிடம் அந்த விலைக்கு வாங்கலாம். 'பிரீமியம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்பவரிடம் 300 ரூபாயும் அதிகம்தான்.

கேள்வி: எங்கள் வெள்ளை ராஜபாளையத்தின் கழுத்தில் பழுப்புக் கறை படிந்துவிட்டது, ஓரிடத்தில் முடியும் கொட்டியிருக்கிறது. குரோமிய உப்பில் பதனிட்ட 'குரோம் தோல்' நஞ்சு, மரப்பட்டையில் பதனிட்ட தோலையே வாங்க வேண்டும் என்கிறார்களே? (வாசகர், விருதுநகர்)

பதில்: கறையையும் முடி கொட்டுவதையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கறை என்பது சாயம். சாயமேற்றிய பிறகு உபரியைத் துடைத்தெடுத்து, மேலே காப்புப் பூச்சு கொடுக்காத பட்டை ஈரம் பட்டவுடன் சாயத்தை விடும். கைவினைப் பட்டைகளில் அவசரமாகச் செய்தவற்றில் இந்தக் குறை அடிக்கடி தெரியும். வாங்கும்போது ஈரமான வெள்ளைத் துணியால் உட்புறத்தை அழுத்தித் தேயுங்கள். நிறம் வந்தால் வெள்ளை நாய்க்கு அது வேண்டாம். சாயமே ஏற்றாத, இயல்பான நிறமுள்ள பட்டையைக் கேட்பது இன்னும் எளிது. ஆனால் தாவரப் பதனீட்டுத் தோலில், அதாவது மரப்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கருங்கறையாகும் என்பதால், இரும்பு வளையம் இல்லாததாகப் பாருங்கள்.

முடி கொட்டுவதற்குப் பெரும்பாலும் உராய்வும், பட்டைக்கு அடியில் தங்கும் ஈரமும், அளவுக்கு மீறிய இறுக்கமும் காரணமாக இருக்கும். புண்ணோ சிவப்போ இருந்தால் பட்டையைக் கழற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குரோம் பதனீட்டில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு. தோலில் ஒவ்வாமைக்குப் பெயர்போனது ஆறு இணைதிறன் குரோமியம். பதனீடும் அதன்பின் வரும் வேலைகளும் ஒழுங்காக நடக்காதபோது முன்னது பின்னதாக மாற வாய்ப்புண்டு. மனித உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே 'குரோம் என்றாலே நஞ்சு' என்பது மிகை.

இருந்தாலும் கழுத்துப்பட்டைக்கு நானும் தாவரப் பதனீட்டைத்தான் தேர்வேன், அதற்குக் காரணம் வேறு: அந்தத் தோல் விறைப்பாக நிற்கும், வெட்டிய விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்க முடியும். குரோம் தோலின் விளிம்பு அப்படி அடங்காது என்பதால் அதைப் பூச்சு பூசியோ மடித்துத் தைத்தோ மறைக்க வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்த தொழில். 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் அது கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. இரண்டையும் பிரித்தறிய வெட்டு விளிம்பைப் பாருங்கள்: குரோம் தோலில் சாயம் ஏறாத நடுப்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பலாக இருக்கும். தாவரப் பதனீட்டுத் தோல் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய்க்கு அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன். வந்த பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வருகிறது. அளவு சொல்லிச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் கொடுத்த அளவுக்கும் வந்த பொருளுக்கும் வேறுபாடு இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் கடினம். பட்டையின் நீளத்தை முனையிலிருந்து முனைக்கு அளக்கக் கூடாது. பக்கிளின் முள் உட்காரும் மடிப்பிலிருந்து, நீங்கள் பூட்டும் துளை வரை அளக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய செய்தியில் எந்த அளவைக் குறிப்பிட்டீர்கள் என்று பாருங்கள். கழுத்தின் சுற்றளவா, பட்டையின் மொத்த நீளமா என்று சொல்லாமல் வெறுமனே '16 அங்குலம்' என்று எழுதியிருந்தால் தகராறு இரு பக்கமும் இழுக்கும்.

உங்கள் நிலையில் அளவு சரியாக இருந்தும் உருவிக்கொள்ளலாம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கமானது, கழுத்து ஏறக்குறைய தலையளவே பருமன். இரு விரல் நுழையும் தளர்வோடு பூட்டிய சாதாரணப் பட்டை பின்னால் இழுத்தால் காதுகளைத் தாண்டி வந்துவிடும். அதற்காக இறுக்கிக் கட்டுவது கொடுமை. இழுக்கும்போது மட்டும் ஓர் அளவுவரை சுருங்கி, விட்டவுடன் தளரும் 'மார்ட்டிங்கேல்' அமைப்பில், அகலமான பட்டையாகக் கேளுங்கள். அது முழுவதும் சுருங்கிய நிலையில் கழுத்தின் சுற்றளவுக்குக் குறையக் கூடாது என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள். நாயின் இனத்தை முன்பே சொல்லியிருந்தும் கைவினைஞர் இதை எச்சரிக்கவில்லை என்றால், சட்டப்படி இல்லாவிட்டாலும் நியாயப்படி அவர் மாற்றித்தர வேண்டும் என்று கேட்கலாம்.

கேள்வி: பித்தளை பக்கிள் என்றார்கள், துருப்பிடிக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும், செந்துரு பிடிக்காது. உங்களுடையது முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அதுவே சான்று, படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். காந்தம் ஒட்டாததெல்லாம் பித்தளை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது, அது பலத்த இழுவையில் சட்டென்று முறியும். சங்கிலி மாட்டும் 'டி' வளையத்தின் இணைப்பு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, வெறுமனே வளைத்து விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட முக்கியம்.

கேள்வி: வீட்டிலிருந்தே இவற்றைச் செய்து விற்க நினைக்கிறேன். தோல் எங்கே வாங்குவது? சட்டப்படி எனக்கு என்ன பொறுப்பு? (வாசகி, சென்னை)

பதில்: சென்னையில் பெரியமேடு தோல் வணிகத்துக்கான இடம், அங்கே சில்லறையாகவும் கேட்டு வாங்கலாம். மெல்லிய தோலைச் சதுர அடிக் கணக்கிலும், செருப்பு அடித்தோல் போன்ற தடித்த தோலை எடைக் கணக்கிலும் விற்பார்கள் என்பதால் விலையை ஒப்பிடும்போது கவனம் தேவை. தொடக்கத்தில் முழுத் தோல் வாங்க வேண்டாம், முதுகுப் பகுதித் துண்டாகக் கேளுங்கள். அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சிகளும் தோல் சோதனை வசதியும் உண்டு.

பொறுப்பைப் பொறுத்தவரை, வீட்டில் செய்பவரும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளர்தான். தையல் விட்டோ வளையம் திறந்தோ நாய் சாலையில் ஓடி விபத்து நேர்ந்தால், பொருளின் குறைபாட்டுக்காக உங்களிடம் இழப்பீடு கேட்க இடமுண்டு. போதிய பயன்பாட்டுக் குறிப்பு தராததும் அந்தச் சட்டத்தில் பொறுப்புக்கு ஒரு காரணம். எனவே ஒவ்வொரு பட்டையோடும் ஒரு சீட்டு வையுங்கள்: எந்த அளவு நாய்க்கு உரியது, குளிப்பாட்டும் முன் கழற்ற வேண்டும், நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும், எண்ணெயை மிகக் குறைவாகப் பூச வேண்டும், ஏனெனில் மிகுதியானால் தோல் தளர்ந்து நீளும், தையலையும் வளையத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்றால் உங்கள் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை உறையின் மேல் இருக்க வேண்டும். ஆர்டரின் பேரில் செய்யும்போது, கழுத்தளவையும் அது எப்படி அளக்கப்பட்டது என்பதையும் வாடிக்கையாளரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே தோலில் கத்தியை வையுங்கள்.