வினைல் கட்டிங் மெஷினுக்கு ஸ்டாண்ட் வாங்குவதா, செய்வதா?

கும்பகோணத்தில் ஸ்டிக்கர் கடை, வினைலை (ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தாளை) வெட்டும் 24 அங்குல மெஷின், மேசையில் ஆடுகிறது, நீளமான எழுத்து கோணலாகிறது என்கிறீர்கள். என்னைக் கேட்டால், வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்துகொள்ளுங்கள்.

கத்தித் தலை இடமும் வலமும் ஓடித் திரும்பும்போது மெஷினை உதறும். அதனால் ஸ்டாண்டின் பின்கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும். அதைவிட முக்கியம் வினைல் ரோலைத் தாங்கும் உருளைகள். அவை மெஷினுக்கு இணையாக இல்லாவிட்டால், நீளமாக வெட்ட வெட்ட வினைல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அளந்து பார்த்த பிறகே வெல்டு வைக்கச் சொல்லுங்கள். உருளைக்கு பேரிங் போட்டால் ரோல் இறுகாமல் எளிதாகச் சுழலும். அப்படியும், வெட்டும் நீளத்துக்கு வினைலை முன்பே தளர்த்தி விடுங்கள்.

பழைய கடைத் தரை சமமாக இருக்காது; சக்கரத்துக்குப் பதில் மட்டம் சரிசெய்யும் போல்ட் நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். ரெட் ஆக்சைடு அடித்த பிறகு பெயின்ட் பூசுங்கள்.