மறுமொழி: 'விக்கிட்', 'ஹெல்லா', 'ஜைனார்மஸ்' - எப்படித் தமிழாக்குவது?

வணக்கம். பாஸ்டனில் நடக்கும் கதையில் வரும் 'விக்கிட் கோல்ட்' (wicked cold) என்பதைக் 'கொடிய குளிர்' என்று எழுதியதாகவும், உங்கள் தோழி அது தவறு என்றதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். தோழி சொல்வது சரி. அமெரிக்காவின் பாஸ்டன், மெய்ன் பக்கத்துப் பேச்சில் 'விக்கிட்' என்றால் வெறும் 'ரொம்ப'. 'விக்கிட் ஸ்மார்ட்' என்பது அங்கே மனதாரச் சொல்லும் பாராட்டு. நாமும் 'பயங்கர அழகு' என்கிறோமே, அதில் பயம் எங்கே இருக்கிறது? 'பயங்கரக் குளிர்' என்று தாராளமாகப் போடுங்கள்.

'ஹெல்லா' அதே வேலையைச் செய்வதுதான், ஆனால் வடக்கு கலிபோர்னியாவின் சொல். 2010இல் அங்குள்ள மாணவர் ஒருவர், 10இன் 27ஆம் அடுக்கைக் குறிக்கும், கிலோ, மெகா போன்ற அளவு முன்னொட்டுக்கு 'ஹெல்லா' என்றே பெயர் வைக்கக் கோரி ஆதரவு திரட்டினார். 2022இல் 'ரானா' என்ற பெயர்தான் ஏற்கப்பட்டது. எனக்கு இன்னும் வருத்தம்தான். உங்கள் கதையில் இதைச் சொல்பவர் இளைஞர் என்பதால் 'செம' பொருந்தும்.

'ஜைனார்மஸ்'தான் சிக்கல். 'மிகப் பெரிய' என்று பொருள்படும் ஜைகான்டிக், இனார்மஸ் இரண்டையும் ஒட்டிய சொல். 1940களில் பிரிட்டிஷ் படையினர் பேச்சில் புழங்கியது, மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் 2007இல்தான் ஏறியது. 'மாபெரும்' வேண்டவே வேண்டாம், அது மேடைத் தமிழ். நீங்கள் கொடுத்த வரியில் ஒரு சிறுவன் பூசணிக்காயைப் பார்த்துச் சொல்கிறான். 'அடேயப்பா, எம்மாம் பெரிய பூசணி!' என்று எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.