பழைய கன்சோலா, புதிய கன்சோலா?

கேள்வி: பழைய கன்சோல் வீடியோ விளையாட்டுகளின் சுவை இன்றையவற்றில் இல்லை என்றால் என் மகன் சிரிக்கிறான். தங்கள் கருத்து என்ன? – வாசகர், வெள்ளவத்தை.

பதில்: நான் பாதி உங்கள் பக்கம். 1985இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், தொடக்கத்திலேயே கூம்பா எனும் எதிரி ஒன்றை எதிரே நடந்துவர விட்டு, குதிக்க வேண்டும் என்பதை ஒரு வரி விளக்கமுமின்றி ஆடுபவரே உணரும்படி செய்தது. இன்றைய பல விளையாட்டுகளோ பாடம் நடத்தியே பொறுமையைச் சோதிக்கின்றன. எனினும் செல்டா வரிசையில் 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட், கண்ணில் படும் மலையிலெல்லாம் ஏறவிட்டு (மழையில் கை வழுக்குவது தனி எரிச்சல்), முதல் செல்டாவின் தேடலை மீட்டுத் தந்தது. உயிர்கள் (ஆட்ட வாய்ப்புகள்) தீர்ந்ததும் தொடக்கத்துக்கே துரத்திய அக்காலக் கடுமையை நான் போற்றமாட்டேன். விளையாட்டின் நீளக் குறைவை மறைக்கவே அது பெரும்பாலும் உதவியது. 2022இல் வந்த எல்டன் ரிங்கும் கடினமானதுதான், ஆனால் தோற்றவரைப் பெரும்பாலும் அருகிலேயே எழுப்பிவிடுகிறது.