இரண்டும் உண்மை, விடை மட்டும் தவறு

கேள்வி: தமிழ்வழியில் பிளஸ் டூ படித்துக்கொண்டே நீட் தேர்வுக்குத் தயாராகிறேன். நேரடிக் கேள்விகளில் தடுமாறுவதில்லை. 'கூற்று – காரணம்' வகைக் கேள்விகளில்தான் மாதிரித் தேர்வுதோறும் மதிப்பெண் போகிறது. இதற்கென்று தனிப் புத்தகம் வாங்கலாமா, அம்மா?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் மகளே. பாடத்தைப் படிக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

இவ்வகைக் கேள்வியில் கூற்றும் காரணமும் உண்மையா, அந்தக் காரணம் கூற்றை விளக்குகிறதா என்று தீர்மானிக்க வேண்டும். இதைப் பார். கூற்று: இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரைவிடத் தடிமனானது. காரணம்: இடது வெண்ட்ரிக்கிள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைப் பெறுகிறது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். இரண்டும் மனப்பாடமான வரிகள், இரண்டும் உண்மை. உடனே 'காரணம் கூற்றை விளக்குகிறது' என்று குறித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே 'ஏனெனில்' சேர்த்துப் படித்துப் பார். ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் வருவதால்தான் சுவர் தடிக்கிறது என்றால், அதே இரத்தத்தை முதலில் வாங்கும் இடது ஏட்ரியத்தின் (மேலறையின்) சுவரும் தடித்திருக்க வேண்டுமே! அது மெல்லியதாகத்தான் இருக்கிறது. உடல் முழுவதற்கும் உயர் அழுத்தத்தில் இரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதே உண்மையான காரணம்.

ஆகவே பாடத்தில் ஒரு செய்தியைப் படித்ததும் 'ஏன்?' என்று கேட்டு, விடையைப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிவை. மாதிரித் தேர்வில் தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சரியான காரணத்தை நீயே எழுதிப் பார். விடைகளின் வரிசை கேள்விக்குக் கேள்வி மாறலாம். 'முதல் விடை என்றால் இதுதான்' என்று பழகிவிடாதே.

இரு கூற்றுகள் தரும் கேள்விகளில் ஒன்றைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதை மட்டும் தீர்மானி. 'எல்லா', 'மட்டுமே' போன்ற சொற்களில் நின்று யோசி. 'எல்லாத் தமனிகளும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன' என்ற வரியைத் தவறாக்க, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுரையீரல் தமனி ஒன்றே போதும். 'பொருத்துக' எளிது: உறுதியாகத் தெரிந்த ஓர் இணையை வைத்து, பொருந்தாத விடைகளை அடித்துவிடு.

சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 கழியும். 180 நிமிடங்களில் 180 கேள்விகள் என்பதால், இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடும் கேள்வியைக் குறித்துவைத்து நகர்ந்துவிடு. கடைசியில் திரும்பி வா.

தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதனால் கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயர்களையும் இப்போதிருந்தே சேர்த்துப் படி, மகளே.