பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

கேள்வி: எனக்கு 54 வயது. ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். மூன்று வருடமாக வலது கன்னத்தில் ஒரு வலி வந்து வந்து போகிறது. கீழ்க் கடைவாயில் தொடங்கி மூக்கோரம் வரை, கரண்ட் பிடித்தமாதிரி சுரீரென்று இழுக்கும். ஒரு பீடி சுற்றி முடிப்பதற்குள் போய்விடும். ஆனால் ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை வரும். பல் டாக்டர் இரண்டு கடைவாய்ப் பல்லை எடுத்தார். இரண்டாவது பல்லை எடுத்தபின் ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தேன். ஆனி மாதக் காற்று தொடங்கியதும் திரும்ப வந்துவிட்டது. சைனஸ் என்று படம் எடுத்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்கிறார்கள். கடைசியாக ஒரு டாக்டர் கார்பமாசெபின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில் கேட்டால், 'இது வலிப்புக்குக் கொடுக்கிறதாச்சே' என்றார்கள். நாலு நாள் போட்டேன். வலி குறைந்தது, ஆனால் தலை கிறுகிறுத்தது. பயந்து நிறுத்திவிட்டேன். மூன்றாவது பல்லையும் எடுத்துவிடலாமா? மூக்குத்தி உரசினாலே வலி வருகிறது என்று அதையும் கழற்றி வைத்திருக்கிறேன். ஊரில் ஒருமாதிரி கேட்கிறார்கள். திரும்பப் போட முடியுமா? (நான் சொல்லச் சொல்ல மகள் எழுதியது.)

பதில்: அம்மா, மூன்றாவது பல்லை எடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். சொத்தை, சீழ், விரிசல் என்று கண்ணால் கண்ட காரணம் இருந்து பல் டாக்டர் சொன்னால் அது வேறு. வலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு பல்லைப் பறிகொடுக்காதீர்கள்.

உங்கள் மகள் எழுதிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று வருடமாக எந்தப் படமும் காட்டாததை இந்தக் கடிதம் ஏறக்குறைய காட்டிவிட்டது. கரண்ட் பிடித்தமாதிரி வலி, நொடிக்கணக்கில் முடிந்துவிடுகிறது, ஒரே பக்கம், காற்றுப் பட்டால் வருகிறது, மூக்குத்தி உரசினால் வருகிறது, இடையில் சில மாதம் காணாமல் போகிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாவது மூளை நரம்பு, மூன்றாகப் பிரிந்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் போகிறது. அந்த நரம்பில் வரும் வலி இப்படித்தான் இருக்கும். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். முக்கிளை நரம்பு வலி என்று தமிழில் சொல்லலாம். நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்த முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது அத்தனையும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது.

இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. எக்ஸ்ரேயில் தெரியாது. நோயாளி சொல்லும் கதைதான் பரிசோதனை. கதையைக் கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்காத இடத்தில் இந்த நோய் பிடிபடாது. நானே தவறவிட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். கடைவாயில் வலி என்றார். இரண்டு முறை வலி மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மழுமழுவென்று சவரம் செய்த முகத்தில், வலது உதட்டோரம் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் முடி அப்படியே நின்றது. ஏன் என்று கேட்டேன். 'கத்தி பட்டா உசிரு போவுது சார்' என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேச்சில் நின்றுவிட்டார். கை கன்னத்துப் பக்கம் போனது, ஆனால் கன்னத்தைத் தொடாமல் நாலு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது. முகம் கோணி, கண்ணில் நீர் வந்து, பத்து நொடியில் எல்லாம் முடிந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

அந்தக் கையை நான் இன்றும் மறக்கவில்லை. பல்வலிக்காரர் கன்னத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். இந்த வலிக்காரர் தன் கன்னத்தைத் தானே தொடமாட்டார். மஞ்சள் பூசிக் குளிக்கும் அம்மாக்களில் சிலர் ஒரு கன்னம் மட்டும் மஞ்சள் இல்லாமல் வருவார்கள். நீங்கள் மூக்குத்தியைக் கழற்றி வைத்தீர்கள்.

பல் எப்படி இதில் மாட்டிக்கொள்கிறது என்று கேட்பீர்கள். மேல் பல், கீழ்ப் பல் எல்லாவற்றுக்கும் உணர்ச்சி தருவது இதே நரம்பின் கிளைகள்தான். வலி பிறப்பது மண்டைக்குள், நரம்பு மூளையில் சேரும் இடத்தில் என்றாலும், பல்லுக்குள் குத்துவதாகவே தெரியும். நோயாளியே 'இந்தப் பல்தான் டாக்டர், எடுத்துவிடுங்கள்' என்று விரல் வைத்துக் காட்டுவார். மரத்துப்போக ஊசி போட்டால் அந்த இடத்தின் தூண்டுதல் அடங்கி, கொஞ்ச நேரம் வலியும் அடங்கும். சரி, பல்தான் குற்றவாளி என்று இரண்டு பேருமே நம்பிவிடுவார்கள். அதனால் உங்கள் பல் டாக்டர் மீது கோபப்பட வேண்டாம். வாய்க்குள் வலி என்றால் முதலில் பல்லைப் பார்ப்பதுதான் முறை.

பல்லை எடுத்தபின் ஐந்து மாதம் வலி இல்லையே என்பது உங்கள் அடுத்த சந்தேகமாக இருக்கும். இந்த நோயின் குணமே அதுதான். வாரக்கணக்கில் படுத்தி எடுக்கும், அப்புறம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்குவதற்கு முன்னால் கடைசியாக எதைச் செய்தோமோ அதற்குப் பேர் போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பல் எடுத்தவருக்குப் பல், எண்ணெய் தேய்த்தவருக்கு எண்ணெய், தாயத்து கட்டியவருக்குத் தாயத்து. திரும்ப வரும்போது அதையே இன்னொரு தடவை செய்வார்கள். இப்படி வரிசையாக ஒரு பக்கத்துப் பல் முழுவதையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஸ்கேன். எந்த ஸ்கேன் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண சிடி ஸ்கேன் என்றால் இந்த நரம்பை அதில் சரியாகப் பார்க்க முடியாது. எம்ஆர்ஐ வேண்டும், அதிலும் இந்த நரம்புக்கென்று மெல்லிய அடுக்குகளாக எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூளைத் தண்டின் அருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பின் மேல் படுத்துக்கொண்டு, துடிக்கத் துடிக்க அதன் உறையைத் தேய்த்துவிடுகிறது. கிணற்று மோட்டார் ஒயரில் ரப்பர் நைந்துபோனால் என்ன ஆகும்? கரண்ட் கண்ட இடத்தில் தாவும். அதுபோல, காற்றுப் பட்ட சேதியும் மூக்குத்தி உரசிய சேதியும் வழிமாறி வலியாகப் போய்ச் சேருகின்றன. சிலருக்கு ஒரு கட்டியோ, நரம்புறையைக் கெடுக்கும் வேறு நோயோ காரணமாக இருக்கும். அதைப் பார்க்கத்தான் முக்கியமாக எம்ஆர்ஐ. அதிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்போதும் உங்கள் வலி உண்மையான வலிதான். 'ஸ்கேன் நார்மல், எல்லாம் மனசுதான்' என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எம்ஆர்ஐக்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். வலி எங்கே தொடங்கி எங்கே ஓடியது, எத்தனை நொடி இருந்தது, எது பட்டதும் வந்தது, தூக்கத்தில் எழுப்பியதா. விட்டுவிட்டுச் சுரீரென்று வருவதும், நாள் முழுக்க நமநமவென்று வலிப்பதும் வேறு வேறு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். நாள் முழுக்க வலி மட்டும்தான், தொட்டாலும் காற்றுப் பட்டாலும் கூடுவதில்லை என்றால் தாடை மூட்டு, பல் விரிசல், முன்பு வந்த அக்கி என்று வேறு பக்கம் தேட வேண்டும். வெந்நீரோ ஐஸ் தண்ணீரோ பட்டபின் நிமிடக்கணக்கில் நின்று வலித்தாலோ, ராத்திரி எழுப்பினாலோ பல்லைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு நன்றாக எழுத வருகிறது. அந்தத் தாள்களை அப்படியே டாக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

வலிப்பு மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மெடிக்கலில் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. வலிப்பில் மூளை நரம்புகள் கட்டுமீறித் துடிக்கின்றன. இதில் முக நரம்பு கட்டுமீறித் துடிக்கிறது. இரண்டு துடிப்பையும் அடக்குவது அதே மருந்துதான். கார்பமாசெபின் இந்த முக வலிக்குப் பலன் தருகிறது என்று 1962-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் முதலில் கொடுப்பது அதைத்தான். இந்த மாத்திரை எழுதியதால் உங்களுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாலு நாளில் வலி குறைந்தது என்கிறீர்களே, அதுவே நோய் எது என்பதற்கு ஒரு சாட்சி. சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்காது. டைக்ளோபினாக் போன்றவற்றைக் கடையில் வாங்கித் தினமும் போட்டால் வயிறும் கிட்னியும்தான் கெடும். பெயர் எழுதாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

கிறுகிறுப்பு வந்தது ஆரம்ப அளவு உங்கள் உடம்புக்குக் கூடுதலாக இருந்ததால் இருக்கலாம். பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். கிறுகிறுப்பு ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். அதுவரை மாடிப்படி, கிணற்றடி, ஸ்கூட்டர் பின்சீட்டு எல்லாம் கவனம். மறுபடி தொடங்குவதை நீங்களாகச் செய்யாமல் டாக்டரிடம் போய்ச் செய்யுங்கள். ரத்த அணுக்கள், ஈரல், சோடியம் பார்த்துவிட்டுத் தொடங்குவார், நடுவிலும் பார்ப்பார். பிரஷருக்கு நீர் போகும் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், சோடியம் இறங்கிவிடும். ஒரு மாதம் கழித்து அதே அளவு கொஞ்சம் வேலை செய்யாததுபோல் தோன்றலாம். உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைக்கப் பழகிக்கொள்வதால் அப்படி. அளவைக் கூட்டினால் சரியாகும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு எது வந்தாலும் மாத்திரையை அந்த வேளையே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அபூர்வமாக இது தோலை உரித்தெடுக்கும் ஆபத்தான ஒவ்வாமையாக மாறும். யாருக்கு வரக்கூடும் என்று பார்க்க ஒரு மரபணுப் பரிசோதனையும் உண்டு. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த மாதிரி காரணம் இல்லாதபோது மாத்திரையைப் பட்டென்று நிறுத்தாதீர்கள். இது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆக்ஸ்கார்பசெபின், கபாபென்டின், பேக்லோஃபென் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

மருந்து கேட்காமல் போனாலும் கதவு அடைத்துவிடாது. காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, நரம்பையும் ரத்தக்குழாயையும் பிரித்து, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் பத்து வருடம் கழித்தும் வலியில்லாமல் இருக்கிறார்கள். அந்தப் பக்கக் காது மந்தமாகும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. மண்டையைத் திறக்க உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்குக் கன்னம் வழியாக ஊசி செலுத்திச் செய்யும் முறை இருக்கிறது. அதில் முகம் கொஞ்சம் மரத்துப்போகும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். ஆபரேஷன் என்று பேச்சு வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள்.

முகம் எப்போதும் மரத்தே இருப்பது, ஒரு காது மந்தம், இரட்டைப் பார்வை, இரண்டு பக்கமும் வலி என்றால் தாமதிக்க வேண்டாம். பொட்டில் வலியோடு மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். அது வேறு நோய், கண்ணைப் பறித்துவிடும்.

அன்றாடத்துக்குச் சில யோசனைகள். தென்காசிப் பக்கம் கணவாய் வழியாக இறங்கும் ஆனி, ஆடிக் காற்று நோயைக் கொண்டுவருவதில்லை, இருக்கிற நோயைத் தட்டி எழுப்புகிறது. பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள். முந்தானையைக் கன்னத்தில் உரசாமல் தளர முக்காடு போட்டுக்கொள்ளுங்கள். மேஜை விசிறியைக் கால்பக்கம் திருப்பி வையுங்கள். பல் துலக்குவது, சாப்பிடுவது எல்லாம் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில், வெதுவெதுப்பான சாப்பாட்டில். இடியாப்பமும் சொதியும், குழைய வடித்த சோறும் இறங்கும். வலிக்குப் பயந்து பட்டினி கிடக்காதீர்கள். பீடி சுற்றுவதால் வந்த நோய் இது என்றும் நினைக்க வேண்டாம்.

இந்த வலி மனசையும் சேர்த்து அரிக்கும். அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்திலேயே பேச்சைக் குறைத்து, விசேஷ வீடுகளுக்குப் போகாமல் ஒதுங்கிவிடுவார்கள். இதற்குச் செத்துப்போகலாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் மகளிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு ராத்திரியிலும் இலவசமாகப் பேசலாம்.

மூக்குத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். மாத்திரை பிடித்து, ஒரு மாதம்போல வலியே இல்லாமல் போனபின், முகம் கழுவும்போது மூக்கோரம் விரல் பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் போட்டுப் பாருங்கள். பழைய கனத்த மூக்குத்தி வேண்டாம், சின்னதாக ஒற்றைக்கல். அதற்குள் துளை தூர்ந்துபோனால் போகட்டும் என்று விடுங்கள். ஈர்க்குச்சி செருகி வைக்கிறேன் என்று இப்போது அந்த இடத்தைத் தொட வேண்டாம். பின்னால் குத்திக்கொள்ளலாம். ஊரில் கேட்பவர்களிடம், நரம்பில் வலி, டாக்டர்தான் கழற்றி வைக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். நான்தான் சொன்னேன்.